பயன்படுத்திய கிரீன் குரோசர் 10185: குமிழில் பெயர் இருந்தால் அசல்தானா?

மாடிவீடு (இழையைத் தொடங்கியவர்)

வணக்கம். லெகோ பொம்மைக் கற்களால் கட்டும் மாடுலர் கட்டடங்களை (மாடி மாடியாகக் கழற்றக்கூடிய, பக்கத்தில் பக்கத்தில் வைத்துத் தெருவாக்கும் செட்டுகள்) மட்டும் சேர்த்து வருகிறேன். 2007இல் வந்த கஃபே கார்னர் தொடங்கி ஒரு தெரு முழுவதும் அமைக்க வேண்டும் என்பது ஆசை. இப்போது 2008ஆம் ஆண்டின் கிரீன் குரோசர், எண் 10185, பயன்படுத்திய நிலையில் ஒன்று விற்பனைக்கு வந்திருக்கிறது. 2,352 துண்டுகளும் இருக்கின்றன, கையேடு இருக்கிறது, பெட்டி மட்டும் இல்லை என்கிறார் விற்பவர். கேட்கும் விலை சந்தேகப்படும் அளவுக்கு மலிவில்லை. வழக்கமான விலையும் இல்லை. இரண்டுக்கும் நடுவில் நிற்பதுதான் உறுத்துகிறது.

முன்பக்கப் படங்கள் அனுப்பியிருக்கிறார். கண்ணுக்குத் தெரியும் குமிழ்களில், அதாவது கல்லின் மேலே துருத்தும் வட்டப் புடைப்புகளில், எல்லாம் லெகோ என்ற பெயர் இருக்கிறது. ஆனால் அந்தக் கட்டடத்தின் அடையாளமான சாண்ட் கிரீன் (மங்கிய சாம்பல் பச்சை) சுவர் ஒரே சீராக இல்லை. இரண்டு மூன்று சாயல்கள் தெரிகின்றன. கட்டிய நிலையில் இருப்பதைப் பிரித்துக் காட்ட அவர் தயங்குகிறார். பணம் கொடுப்பதற்கு முன் நான் எதையெல்லாம் கேட்க வேண்டும்?

ஒற்றைக்குமிழ்

குமிழில் பெயர் இருந்தால் அசல், இல்லாவிட்டால் போலி. இதற்கு ஓர் இழை தேவையா?

தேய்ந்தசாம்பல்

தேவைதான், ஒற்றைக்குமிழ். கட்டிய சுவரில் ஒவ்வொரு கல்லின் குமிழும் அதன் மேல் உட்கார்ந்திருக்கும் கல்லுக்குள் மறைந்திருக்கிறது. மாடுலர் கட்டடங்களில் மேல்வரிசையையும் தரையையும் பெரும்பாலும் டைல்களால், அதாவது குமிழில்லாத வழவழப்பான தகடுகளால், மூடிவிடுவார்கள். ஆக, படத்தில் தெரிகிற குமிழ்கள் அந்தச் சில கற்களுக்கு மட்டுமே சாட்சி. சுவருக்குள் இருக்கும் நூற்றுக்கணக்கான கற்களைப் பற்றி அவை வாய் திறக்காது.

முழுப் போலி செட்டைவிடக் கலப்பு செட்தான் பயன்படுத்திய பொருள்களின் சந்தையில் பெரிய தொல்லை. அசல் செட் ஒன்றில் கொஞ்சம் துண்டுகள் தொலைந்திருக்கும். கிடைப்பதற்கு அரிய நிறம் என்றால் அசலை வாங்கிச் சேர்ப்பது செலவு. எனவே இணக்கமான வேறு நிறுவனக் கற்களைக் கொண்டு இடைவெளியை நிரப்பிவிடுவார்கள். விற்பவருக்கே அது தெரியாமல் இருக்கலாம், இரண்டு கை மாறி வந்திருக்கலாம். சாண்ட் கிரீன் அப்படிப்பட்ட நிறம்தான். மாடிவீடு, உங்கள் கண் சரியான இடத்தில்தான் நின்றிருக்கிறது.

அடிப்புறத்தைக் காட்டச் சொல்லுங்கள். இரண்டுக்கு நான்கு கல்லை (இரண்டு குமிழ் அகலம், நான்கு குமிழ் நீளம்) திருப்பினால் உள்ளே மூன்று குழாய்கள் நிற்கும். அவற்றுக்கிடையே, உள்கூரையில், நிறுவனத்தின் பெயரும் வடிவத்தின் எண்ணும் மிகச் சிறிய எழுத்தில் புடைத்திருக்கும்: இரண்டுக்கு நான்கு என்றால் 3001, இரண்டுக்கு இரண்டு என்றால் 3003. டைலுக்குக் குமிழே கிடையாது, அதற்கும் அடிப்புறம்தான் அடையாளம். வெளிச்சத்தைப் பக்கவாட்டிலிருந்து சாய்த்துப் பிடித்தால்தான் இந்த எழுத்துகள் நிழல் விழுந்து தெரியும். நேராக வெளிச்சம் பாய்ச்சி எடுத்த படத்தில் அசல் கல்கூட மொட்டையாகத் தெரியும்.

பெயரில்லாத கற்கள் பெரும்பாலும் சட்டப்படியே செய்யப்பட்டவை. வடிவத்தை யார் வேண்டுமானாலும் வார்க்கலாம், பெயரைப் பொறித்தால் வழக்கு வரும். அதனால்தான் சாதாரணக் கற்களில் பெயர் நல்ல அடையாளமாக இருக்கிறது. மினிஃபிகர், அதாவது செட்டோடு வரும் சின்ன மனித உருவம், என்று வந்துவிட்டால் இந்த நம்பிக்கையை ஓரமாக வைத்துவிடுங்கள்.

மிதவை

எளிதான வழி ஒன்று இருக்கிறதே. தண்ணீரில் போடுங்கள். லெகோ ஏபிஎஸ் பிளாஸ்டிக்கில் செய்யப்படுவது, அது மூழ்கும். மட்டமான பிளாஸ்டிக் மிதக்கும்.

தேய்ந்தசாம்பல்

ஏபிஎஸ் தண்ணீரைவிடச் சற்றே அடர்த்தியானது, மூழ்கும் என்பது உண்மை. பாலிஸ்டைரீனும் மூழ்கும், போலிகளில் அதுவும் உண்டு. இன்றைய இணக்கக் கற்களில் பெரும்பாலானவை ஏபிஎஸ்தான், அவையும் சமர்த்தாக மூழ்கும். மறுபக்கம், லெகோவின் இலை, செடி, மரம் போன்ற வளையும் துண்டுகள் பாலிஎத்திலீனில் செய்யப்படுகின்றன. 2018 முதல் கரும்பிலிருந்து எடுத்த பாலிஎத்திலீனில் அவற்றைச் செய்கிறார்கள். அவை மிதக்கும். உங்கள் சோதனைப்படி அசல் மரம் போலி, போலிச் சுவர் அசல்.

அசிட்டோனைத் தடவிப் பார்க்கலாம் என்று அடுத்து யாராவது எழுதுவதற்கு முன் சொல்லிவிடுகிறேன்: அது அசலையும் கரைக்கும்.

கற்சுவர்

கையில் கிடைத்த பிறகு செய்யக்கூடிய சோதனை ஒன்றைச் சொல்கிறேன். அளவுகோல்கூட வேண்டாம்.

குமிழுக்குக் குமிழ் 8 மி.மீ. கல்லின் உயரம் 9.6 மி.மீ. தகடு என்னும் மெல்லிய துண்டின் உயரம் 3.2 மி.மீ., அதாவது மூன்று தகடு ஒரு கல். இதிலிருந்து ஓர் அழகான கணக்கு வருகிறது: ஐந்து கற்களை அடுக்கினால் 48 மி.மீ., ஆறு குமிழ் நீளமும் 48 மி.மீ. சந்தேகத்துக்குரிய ஐந்து கற்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குங்கள். அந்தத் தூணைப் படுக்க வைத்து, ஆறு குமிழ் நீளமுள்ள அசல் கல்லுக்குப் பக்கத்தில் வையுங்கள். அசல் தூணில், மேலே துருத்தும் குமிழை விட்டுவிட்டால், இரண்டு முனைகளும் கிட்டத்தட்ட ஒன்றாக நிற்கும், 0.2 மி.மீ. வேறுபாடுதான் இருக்கும். ஒரு கல்லில் தெரியாத பிசகு ஐந்து கற்களில் சேர்ந்து வெளியே வந்துவிடும்.

அகலத்துக்கும் இதே வழிதான். இரண்டுக்கு நான்கு கல்லின் உண்மையான அளவு 16 × 32 அல்ல, 15.8 × 31.8 மி.மீ. அந்த 0.2 மி.மீ. விட்டுக்கொடுப்பினால்தான் பக்கத்துப் பக்கத்துக் கற்கள் முட்டிக்கொள்வதில்லை. கொஞ்சம் பருத்த கற்களை நீளத் தகட்டின்மேல் நெருக்கமாக வரிசையாகப் பொருத்தினால் தகடு வில்லாக வளையும். மாடுலர் கட்டடத்தின் முகப்பு லேசாக முன்னால் தள்ளியிருக்கிறதா என்று பக்கவாட்டுப் படத்தில் பாருங்கள். சில நேரம் பிரிக்காமலேயே பிடிபட்டுவிடும்.

மாடிவீடு

இந்த ஐந்துக்கு ஆறு கணக்கு எனக்குப் புதியது. நன்றி, கற்சுவர். பிடிப்பைப் பற்றியும் பலர் சொல்கிறார்களே, போலிக் கற்கள் தளர்வாக இருக்கும் என்று?

கற்சுவர்

முன்பு அப்படித்தான். இப்போது சில நிறுவனக் கற்கள் அசலைவிட இறுக்கமாக இருக்கின்றன, பிரிக்கும்போது நகம் பெயர்கிறது. நல்ல பிடிப்பு என்பது எல்லாக் கற்களிலும் ஒரே மாதிரி இருப்பது. லெகோவின் வார்ப்புகள் ஒரு சில மைக்ரான் துல்லியத்தில் செய்யப்படுகின்றன என்பதன் பொருள் இதுதான். கலப்பு செட்டைப் பிரிக்கும்போது விரல்களே சொல்லிவிடும்: ஒன்று வழுக்கிக்கொண்டு வரும், அடுத்தது அடம்பிடிக்கும்.

தேய்ந்தசாம்பல்

எதிர்ப்பக்கத்தையும் சொல்லியாக வேண்டும். அசலைப் போலி என்று சொல்லி நல்ல பொருளை விட்டவர்களை இங்கேயே நிறையப் பார்த்திருக்கிறோம். லெகோவும் குறையில்லாத பொருள் அல்ல.

2004இல் சாம்பல் நிறங்களை மாற்றினார்கள். அதற்கு முன்பு இருந்த சாம்பல் கொஞ்சம் மஞ்சள் கலந்த, வெதுவெதுப்பான நிறம். பிறகு வந்தது நீலம் கலந்தது. இரண்டையும் பக்கத்தில் வைத்தால் ஒன்று போலி என்றே தோன்றும். இரண்டும் அசல். (என் புனைபெயர் எங்கிருந்து வந்தது என்று இப்போது புரிந்திருக்கும். அந்த மாற்றத்தை நான் இன்னும் மன்னிக்கவில்லை.) ஆனால் இந்த ஆண்டுக்கணக்கு நமக்கு ஒரு கருவியாகவும் பயன்படுகிறது. 2003ஆம் ஆண்டு செட்டில் நீலச் சாம்பல் துண்டுகள் இருந்தால் அவை பின்னால் சேர்க்கப்பட்டவை. 2008ஆம் ஆண்டின் கிரீன் குரோசரில் பழைய சாம்பல் இருந்தாலும் அப்படியே. துண்டு அசல்தான், ஆனால் அந்த செட்டுடையது அல்ல. "முழுமையான செட்" என்ற சொல்லுக்கு விலை கொடுக்கும்போது இந்த வேறுபாடு முக்கியம்.

செம்பழுப்பும் அடர்சிவப்பும் சில ஆண்டுகளின் உற்பத்தியில் பிஸ்கட்டைப்போல உடைகின்றன. உடைகிறது, அதனால் போலி என்று முடிவு கட்டாதீர்கள். அசல் என்பதாலேயே உடைகிற துண்டுகள் அவை. வெள்ளையும் நீலமும் வெயில் பட்டால் மஞ்சளிக்கும். ஒரே சுவரில் சாயல் வேறுபாட்டுக்கு அதுவும் காரணமாகலாம். மாடிவீடு, இதைக் கவனியுங்கள்: வெயிலால் வந்த நிறமாற்றம் ஒரு பக்கமாக, படிப்படியாகப் பரவியிருக்கும். அங்கொன்றும் இங்கொன்றுமாக, கல்லுக்குக் கல் சாயல் மாறினால் வேறு இடத்திலிருந்து வந்த கற்கள்.

ஒன்றுக்கு இரண்டு கல்லின் அடியில் நடுவே ஒரு சின்னத் தூண் இருக்கும். கண்ணாடிபோன்ற நிறமற்ற கல்லில் அந்தத் தூணே கிடையாது. அதைப் பார்த்துவிட்டுப் போலி என்று பதறுபவர்கள் ஆண்டுதோறும் வருகிறார்கள். உள்ளே தூண் நின்றால் வெளியிலிருந்து தெரியும் என்பதால் அதற்குத் தனி வார்ப்பு, தனி எண் 3065.

இன்னும் பழைய பொருள்களில், 1963க்கு முன்பு, ஏபிஎஸ்ஸே கிடையாது, செல்லுலோஸ் அசிடேட்தான். அந்தக் கற்கள் நெளிந்திருக்கும், பிடிப்பு போயிருக்கும். அதே 1963இல் கட்டடக் கலைஞர்களின் மாதிரிகளுக்காக மோட்யூலெக்ஸ் என்று 5 மி.மீ. அளவில் சிறிய கற்களைக் கொண்டுவந்தார்கள். சாதாரணக் கல்லோடு சேரவே சேராது. சேரவில்லை என்று குப்பையில் போட்டவர்களை நினைத்தால் வயிறு எரிகிறது.

வெளிர்மஞ்சள்

ஐயா சொன்னவை கட்டடக்காரர்களுக்கு. நான் மினிஃபிகர் மட்டும் சேர்ப்பவள். எங்கள் பக்கம் நிலைமை மோசம்.

கட்டைவிரல் உயர உருவத்தில், ஒரு துண்டுக்கே முழு செட்டின் விலை வரும் இடத்தில், போலி செய்பவனுக்கு உழைக்க மனம் வருகிறது. 2003இல் வந்த ஸ்டார் வார்ஸ் செட் கிளவுட் சிட்டி, எண் 10123, அதிலிருந்த போபா ஃபெட் என்ற உருவம் நல்ல எடுத்துக்காட்டு. கைகளிலும் கால்களிலும் அச்சடிப்பு உள்ளது என்பதுதான் அதன் பெருமை. நகல்களிலும் அச்சடிப்பு இருக்கிறது. 2013இல், தனித்தனியாக விற்கும் மினிஃபிகர்களின் பத்தாம் வரிசையில், 5,000 மட்டும் செய்த தங்கநிற மிஸ்டர் கோல்டுக்கும் இதே கதி.

நான் பார்க்கும் வரிசை இது. முதலில் தலையைக் கழற்றிக் கழுத்தின் மேல்முனை. அங்கே பெயர் இருக்க வேண்டும். இல்லை என்றால் பேச்சு முடிந்தது. இருக்கிறது என்றால் பேச்சு அப்போதுதான் தொடங்குகிறது. பெயரையும் சேர்த்து வார்த்த நகல்கள் வந்துவிட்டன. அடுத்து எழுத்தின் ஓரம். அசலில் கோடுகள் கூர்மையாக, தட்டையான முகத்தோடு நிற்கும். ஒன்றிலிருந்து இன்னொன்றைப் படியெடுத்த நகலில் ஓரம் உருகியதுபோல் மழுங்கியிருக்கும். பிறகு கை மணிக்கட்டில் சுழலும் விதம், கால் இரண்டும் இடுப்பில் உராயும் ஒலி. கால்கள் தொளதொளவென்று ஆடினால் கீழே வைத்துவிடுவேன்.

அச்சடிப்பை மட்டும் நம்பித் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். அடர்நிற உடம்பின்மேல் தோல்நிறத்தை அச்சடிக்கும்போது அசலிலேயே அது வெளிறிப்போய், முகமும் கழுத்தும் வேறு வேறு ஆள்களுடையவைபோல் இருக்கும். சேகரிப்பவர்களின் பழைய புலம்பல் இது. அச்சு விலகியிருப்பதும் அசலில் உண்டு. நகலில் பிழை வேறு வகை: புருவத்தின் வளைவு, பொத்தான்களின் எண்ணிக்கை, நிழலுக்காகப் போட்ட மெல்லிய கோடு. படியெடுத்தவன் எதை அலட்சியம் செய்தான் என்று தேடினால் கிடைக்கும். அதற்கு உறுதியான அசலின் தெளிவான படம் பக்கத்தில் இருக்க வேண்டும். நினைவிலிருந்து ஒப்பிடுவது வீண்.

இன்னொன்று. "சீனாவில் செய்தது" என்று இருந்தாலே போலி என்பார்கள். லெகோவுக்கு டென்மார்க், ஹங்கேரி, செக், மெக்சிகோவில் இருப்பதுபோலச் சீனாவின் ஜியாசிங்கிலும் சொந்தத் தொழிற்சாலை இருக்கிறது. ஊர்ப்பெயர் எதையும் நிரூபிக்காது.

கட்டுபவன்

இவ்வளவு துப்பறிதல் எதற்கு என்று எனக்குப் புரியவில்லை. நான் மாற்று நிறுவனக் கற்களைத்தான் வாங்குகிறேன். போலந்தின் கோபி, ஜெர்மனியின் புளூபிரிக்ஸ், சீனத்தின் காடா, எல்லாவற்றிலும் நல்ல செட்டுகள் இருக்கின்றன. கோபியில் ஸ்டிக்கருக்குப் பதில் அச்சடித்தே தருகிறார்கள். நீங்கள் ஸ்டிக்கரைக் கோணலாக ஒட்டிவிட்டு மூக்கைச் சிந்துகிறீர்கள். பெயருக்குத்தானே கூடுதல் பணம்?

ஒற்றைக்குமிழ்

போலி வாங்குபவர்கள் இங்கே எழுதக்கூடாது என்று விதி உண்டா, நெறியாளரே?

சட்டக்குறிப்பு

கோபியைப் போலி என்று சொல்வது தவறு, ஒற்றைக்குமிழ். இந்தக் குழப்பத்தைத் தீர்க்காமல் இந்த இழை நகராது.

குழாயுள்ள கல்லுக்கான காப்புரிமை விண்ணப்பம் 1958 ஜனவரி 28இல் டென்மார்க்கில் கொடுக்கப்பட்டது. காப்புரிமைக்குக் காலவரம்பு உண்டு, அது எப்போதோ முடிந்துவிட்டது. அதன் பிறகு கல்லின் வடிவத்தையே வணிகச் சின்னமாகக் காக்க லெகோ முயன்றது. கனடாவின் உச்ச நீதிமன்றம் 2005இல், மெகா பிளாக்ஸ் என்ற போட்டிக் கற்கள் தொடர்பான வழக்கில், செயல்பாட்டுக்காக அமைந்த வடிவத்தை அப்படிக் காக்க முடியாது என்றது. ஐரோப்பிய நீதிமன்றமும் 2010 செப்டம்பரில் இரண்டுக்கு நான்கு கல்லைப் பற்றி அதே முடிவுக்கு வந்தது. எனவே பொருந்தக்கூடிய கல்லைத் தன் பெயரில் செய்து விற்பவர் போலிக்காரர் அல்ல.

மினிஃபிகர் வேறு. அதன் உருவம் செயல்பாட்டுக்காக மட்டும் அமைந்ததல்ல. ஐரோப்பாவில் அதன் முப்பரிமாணச் சின்னம் 2015இல் நீதிமன்றத்தில் நிலைத்தது. மாற்று நிறுவனங்களின் மனித உருவங்கள் வேறு மாதிரி இருப்பதற்கு இது ஒரு காரணம்.

பெட்டிப் படத்தையும் செட்டின் வடிவமைப்பையும் அப்படியே எடுத்து, பெயரை மட்டும் லெகோவின் சாயலில் மாற்றி விற்றது லெபின். 2019 ஏப்ரலில் ஷாங்காய் காவல்துறை சீனாவின் ஷான்டோ நகரில் இருந்த உற்பத்திக் கூடத்தில் சோதனை நடத்தியது. 2020இல் முதன்மைக் குற்றவாளிக்கு 6 ஆண்டு சிறைத்தண்டனையும் 9 கோடி யுவான் அபராதமும் விதிக்கப்பட்டன. கஃபே கார்னர் உள்பட பழைய மாடுலர் கட்டடங்களை லெபின் வரிசையாக நகல் செய்தது என்பது மாடிவீட்டுக்குத் தேவையான செய்தி. அந்த நகல் கற்கள்தான் இன்று "தொலைந்த துண்டு" இடங்களில் உட்கார்ந்திருக்கின்றன.

கட்டுபவன்

அப்படியானால் இன்னொரு வரலாற்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 1949இல் லெகோ வெளியிட்ட முதல் பிளாஸ்டிக் கல், இங்கிலாந்தின் ஹிலரி பேஜ் தன் கிட்டிகிராஃப்ட் நிறுவனத்துக்காக வடிவமைத்த கல்லைப் பார்த்துச் செய்தது. அதை இன்று எந்தப் பெயரில் அழைப்பீர்கள்?

சட்டக்குறிப்பு

பார்த்துச் செய்ததுதான், லெகோவே அதை மறைப்பதில்லை. கிட்டிகிராஃப்ட் கல்லின் உரிமைகளைப் பின்னால் 1981இல் வாங்கிக்கொண்டார்கள். ஆனால் அந்த முதல் கல் உள்ளே வெற்றுக்கூடு. அடுக்கலாம், பிடிப்பு இருக்காது. 1958இல் உள்ளே குழாய் வந்த பிறகுதான் ஆறே ஆறு இரண்டுக்கு நான்கு கற்களை 91,51,03,765 விதமாகச் சேர்க்க முடியும் என்ற கணக்குக்கே பொருள் வந்தது. நகலாகத் தொடங்கியவர்கள் சொந்தமாக ஒன்றைக் கண்டுபிடித்தார்கள். லெபினிடம் நான் எதிர்பார்ப்பதும் அவ்வளவுதான்.

கட்டுபவன்

இந்தப் பதிலை ஏற்கிறேன். லெபினை நானும் வாங்குவதில்லை, ரசிகர்கள் சொந்தமாக வடிவமைத்தவற்றைக்கூட அனுமதியில்லாமல் பெட்டியில் போட்டார்கள். ஆனால் "மாற்றுக் கல்லில் நஞ்சு" என்று அடுத்து யாரும் தொடங்க வேண்டாம். 1970களின் அசல் சிவப்பு, மஞ்சள் கற்களிலேயே கேட்மியம் கலந்த நிறமி இருந்தது. எதையும் குழந்தை வாயில் வைக்கக்கூடாது.

நெறியாளர்

விதி கேட்டவருக்கு: மாற்று நிறுவனங்களைப் பற்றி எழுதலாம். அவற்றை அசல் என்று சொல்லி விற்கத்தான் இங்கே தடை. லெபின் நகல் எங்கே கிடைக்கும் என்று கேட்டு வந்த ஒரு பதிவை நீக்கியிருக்கிறேன்.

பிரிக்காதவன்

பெட்டி பிரிக்காமல் வாங்கினால் இந்தத் தலைவலி எதுவும் இல்லையே?

தேய்ந்தசாம்பல்

தலைவலி பெட்டிக்குள் போய் உட்கார்ந்துகொள்கிறது, தம்பி. பெட்டியைப் பக்குவமாகத் திறந்து, மினிஃபிகர்களை எடுத்துவிட்டு, அல்லது முழுவதையும் எடுத்துவிட்டு எடைக்கு ஏதோ ஒன்றைப் போட்டு, மறுபடியும் ஒட்டி விற்கிறார்கள்.

மூடியின் ஓரத்தில் அட்டையின் மேல்தாள் மயிரிழையாகப் பிய்ந்திருக்கிறதா, ஒட்டு நாடாவின் அடியில் தூசியோ பழைய நாடாவின் தடமோ தெரிகிறதா, பசை பளபளக்கிறதா என்று பாருங்கள். எடையைச் சேகரிப்பாளர் தரவுத்தளங்களில் உள்ள எடையோடு ஒப்பிடுங்கள். ஆனால் எடை சரியாக இருப்பது எதையும் உறுதி செய்யாது, தவறாக இருப்பதுதான் பயன்படும். பிறகு குலுக்கிக் கேளுங்கள். உறைக்குள் இருக்கும் துண்டுகளின் சலசலப்பு வேறு, ஒரே கட்டியாக ஏதோ நகரும் ஓசை வேறு.

உள்ளே காகித உறை இருந்தால் போலி, பிளாஸ்டிக் உறை இருந்தால் அசல் என்று ஒரு பேச்சு உலவுகிறது. 2021 முதல் லெகோவே படிப்படியாகக் காகித உறைக்கு மாறி வருகிறது. 2010இல் வந்த செட்டுக்குள் காகித உறை இருந்தால்தான் கவலைப்பட வேண்டும். இங்கேயும் கேள்வி ஒன்றுதான்: அந்த ஆண்டு அந்தப் பொருளில் அது இருந்திருக்க முடியுமா?

பிரிக்காதவன்

நான் முதலீடாக வாங்குகிறேன். 1987 முதல் 2015 வரையிலான செட்டுகளை வைத்து ரஷ்யப் பல்கலைக்கழகம் ஒன்று செய்த ஆய்வில் ஆண்டுக்குச் சராசரியாக 11 சதவீத ஆதாயம் என்று வந்தது. தங்கத்தைவிட மேல் என்று செய்திகளிலும் எழுதினார்கள்.

வெளிர்மஞ்சள்

சராசரி என்றால் அதற்குக் கீழே கிடப்பவையும் உண்டு. 2008ஆம் ஆண்டின் தாஜ்மகால், எண் 10189, 5,922 துண்டுகள். அதைப் பொன்போல் பொத்தி வைத்திருந்தவர்கள் 2017இல் 10256 என்ற எண்ணில் அதே கட்டடம் ஒரே ஒரு துண்டு கூடுதலாக மறுபடியும் கடைக்கு வந்தபோது என்ன செய்தார்கள் என்று கேட்டுப் பாருங்கள். பிரிக்காத பெட்டிகளை அடுக்கி வைத்துவிட்டு அதைச் சேகரிப்பு என்று சொல்வதும் எனக்கு உவப்பில்லை. அது என் கருத்து, சண்டைக்கு வர வேண்டாம்.

மாடிவீடு

விற்பவர் கூடுதல் படங்கள் அனுப்பிவிட்டார். நடு மாடியைக் கழற்றி, அதன் அடிப்புறத்தைச் சாய்ந்த வெளிச்சத்தில் எடுத்திருக்கிறார். தேய்ந்தசாம்பல் ஐயா சொன்னபடியே கேட்டேன். பழுப்பு மஞ்சள் கற்களில் எண் தெளிவாகத் தெரிகிறது. சாண்ட் கிரீனில் வலது மூலையை ஒட்டி ஒரு கொத்துக் கற்களில் எதுவுமே இல்லை, மொட்டை. சாயல் மாறித் தெரிந்ததும் அதே மூலைதான். மேல்மாடியை மட்டும் கழற்றவில்லை. நான்கு மினிஃபிகர்களின் படமும் இருக்கிறது. எல்லாவற்றின் கழுத்திலும் பெயர் உண்டு. ஒன்றுக்கு முகத்தில் புருவமும் இளந்தாடியும் இருக்கின்றன.

வெளிர்மஞ்சள்

அந்தத் தாடிக்காரர் அசலாகவே இருக்கலாம், ஆனால் கிரீன் குரோசரில் குடியிருந்தவர் அல்ல. அந்தக் கால மாடுலர் கட்டடங்களில் எல்லா உருவங்களுக்கும் இரண்டு புள்ளிக் கண்ணும் ஒரு புன்னகையும்தான். இந்த வரிசையில் விதவிதமான முகங்கள் பிந்தைய ஆண்டுகளில்தான் வந்தன. சாதாரணப் புன்னகைத் தலை எளிதில் கிடைக்கும், அதற்காக அலட்டிக்கொள்ள வேண்டாம். செட்டைப் பிரித்து மறுபடி சேர்த்திருக்கிறார்கள் என்பதற்கு அது அடையாளம், அவ்வளவுதான்.

தேய்ந்தசாம்பல்

மொட்டைக் கற்கள் வேறு நிறுவனத்தவை. வெயிலாக இருந்தால் ஒரே மூலைக் கொத்தில் எண்ணும் சேர்ந்து காணாமல் போகாது. நடு மாடியில் மட்டும் என்றால் அது பெரிய குறையில்லை. அந்தக் கற்களின் வடிவங்களைக் கையேட்டின் பின்பக்கத் துண்டுப் பட்டியலோடு ஒப்பிட்டு, அசலில் மாற்ற எவ்வளவு ஆகும் என்று பிரிக்லிங்க்கில் (லெகோத் துண்டுகளைத் தனித்தனியாக வாங்கும் இணையச் சந்தை) பார்த்து, அந்தத் தொகையைக் கழித்துக் கேளுங்கள். கையேடு தாளாக இருக்க வேண்டும் என்றுகூட இல்லை, லெகோவின் தளத்திலேயே இலவசமாகக் கிடைக்கிறது. ஆனால் மேல்மாடியைப் பார்க்காமல் பேரம் பேசாதீர்கள். நடு மாடியைக் கழற்றியவருக்கு அதற்கும் மேலே இருப்பதைக் கழற்றுவது பெரிய வேலையா? அதைக் கழற்றித்தானே நடு மாடிக்கே வந்திருப்பார்! கையில் எடுத்தவர் அதைத் திருப்பிப் படம் எடுக்கவில்லை என்றால் காரணம் இருக்கும்.

கற்சுவர்

மேல்மாடியின் படம் வந்ததும் அளவையும் கேளுங்கள். முகப்பைப் பக்கவாட்டில் எடுக்கச் சொல்லுங்கள்.

மாடிவீடு

கேட்டேன். "இதற்கு மேல் படம் எடுக்க நேரமில்லை, வேறொருவர் இன்றே வாங்கிக்கொள்வதாகச் சொல்கிறார்" என்று பதில் வந்திருக்கிறது.

கற்சுவர்

அந்த வேறொருவருக்கு வாழ்த்துகள்.

மாடிவீடு

நானும் வாழ்த்திவிட்டு விலகிக்கொண்டேன். இங்கே யாரிடமாவது 10185 விற்பனைக்கு இருந்தால் தனிச்செய்தி அனுப்புங்கள். மூன்று மாடிகளின் அடிப்புறப் படங்களோடு.